தாய் பக்கத்தில் இல்லாத நிமிடங்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரிலிருந்து வடக்கே 800 கிலோமீட்டருக்கும் மேல் போனால் ஷார்க் பே விரிகுடா. அங்கே மங்கி மியா கடற்கரையில் ஒரு டால்பின் ஆய்வுக் குழுவுக்கு உதவியாளாகச் சில மாதங்கள் வேலை பார்த்தேன். 1980களிலிருந்தே அங்குள்ள டால்பின்களை முதுகுத் துடுப்பின் வெட்டுகளை வைத்து அடையாளம் கண்டு, பாட்டி, மகள், பேத்தி என்று எழுதி வருகிறார்கள்.

என் வேலை சொல்வதற்குச் சுலபம். சின்னப் படகில் ஒரு தாயையும் குட்டியையும் மணிக்கணக்காகப் பின்தொடர வேண்டும். நிமிடத்துக்கு ஒரு வரி எழுத வேண்டும்: தாய் என்ன செய்கிறது, குட்டி எங்கே, நடுவில் எத்தனை மீட்டர்.

நான் அதிகம் பார்த்தது மூன்று வயது தாண்டிய ஒரு பெண் குட்டியை. அதன் தாய் மூக்கில் கடற்பஞ்சை மாட்டிக்கொண்டு தரையைக் கிளறி, மணலில் ஒளிந்திருக்கும் மீனைக் கிளப்பிப் பிடிக்கும். சில தாய்வழிகளில் மட்டுமே இருக்கிற தொழில் இது. மகள்கள்தான் பெரும்பாலும் கற்றுக்கொள்கிறார்கள், மகன்கள் குறைவு. தாய் மீனைப் பிடித்துக் குட்டி வாயில் கொடுப்பதில்லை. குட்டி பார்த்துப் பார்த்துத் தானே பழக வேண்டும்.

ஒருநாள் தாய் ஆழத்துக்குப் போயிருந்த நேரம், குட்டி மல்லாந்து, வயிறு வானத்தைப் பார்க்க, விரல் நீளமுள்ள ஒரு மீனை நீர்மட்டத்தோடு விரட்டியது. மீன் சட்டென்று திரும்பியது, குட்டியும் திரும்பியது, மறுபடி தவறவிட்டது. நாலாவது தடவை பிடித்தபோது நான் கத்தியே விட்டேன். சில மாதக் குட்டியாக இருக்கும்போதே இந்த விரட்டல் தொடங்கிவிடுகிறதாம்.

அப்புறம் அது போய்விட்டது. 50 மீட்டர், 100 மீட்டர், பிறகு கண்ணுக்கே தெரியவில்லை. அந்தக் கடலில் புலிச்சுறாக்கள் உண்டு. இந்தக் குட்டியின் விலாவிலேயே பிறை மாதிரி ஒரு கடித்த தழும்பு இருந்தது. இருபது நிமிடம் ஆயிற்று. எனக்குக் கை நடுங்கியது. தாயோ தன்பாட்டுக்கு முங்கி எழுந்துகொண்டிருந்தது. "எழுதும்மா, நிமிஷம் போகுது" என்கிற மாதிரி படகோட்டிய மூத்த ஆய்வாளர் என் தாளைத் தட்டிக் காட்டினார்.

தண்ணீருக்குள் விட்டிருந்த ஒலிவாங்கியில்தான் முதலில் தெரிந்தது. ஒவ்வொரு டால்பினுக்கும் தனக்கென்று ஒரு சீழ்க்கை உண்டு, பெயர் மாதிரி. பிரிந்து போகும்போது குட்டி அதிகம் சீழ்க்கை அடிப்பதில்லை, திரும்பி வரும்போதுதான் அடிக்கிறது. அன்றைக்கும் அப்படித்தான். சத்தம் வந்த கொஞ்ச நேரத்தில் குட்டியும் வந்தது. நேராகத் தாயின் வயிற்றுக்கடியில் புகுந்து, தலையை அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு நீந்தியது. பால் குடிக்கிற குட்டிக்கு உரிய இடம் அது. அதற்கென்று தாளில் ஒரு கட்டம் உண்டு, அதில் டிக் போட்டேன்.

குட்டி பால் மறக்கும் நாளை நேரில் பார்க்கலாம் என்ற ஆசையோடுதான் நான் போயிருந்தேன். அப்படி ஒரு நாளே கிடையாது. பெரும்பாலும் மூன்று, நான்கு வயதில் மறக்கின்றன, எட்டு வயது வரை குடித்ததும் உண்டு. அடுத்த குட்டி தாயின் வயிற்றில் வளரும்போது முந்தையது விலகிவிடுவது வழக்கம். ஏட்டைப் புரட்டி, அந்த வயிற்றடி இடத்தில் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று தேடி, அதை வைத்துத்தான் பால் மறந்த காலத்தைக் கணிக்கிறார்கள்.

நான் ஊர் திரும்பி ஏழெட்டு மாதம் கழித்துக் குழுவிலிருந்து செய்தி வந்தது. அந்தத் தாய் புதுக்குட்டியோடு இருக்கிறது. மகள் கொஞ்சம் தள்ளி, அதே கடற்பகுதியில், மூக்கில் பஞ்சோடு தனியாக வேட்டையாடுகிறது. அதைத் தாயின் வயிற்றடியில் கடைசியாகப் பார்த்ததாக ஏட்டில் இருக்கிற டிக் நான் போட்டது.