பிரைட்டனில் ஒரு பகல்

இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் காலடியில் கிடப்பது மணல் அன்று, கூழாங்கற்கள். அலை பின்வாங்கும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று உரசி எழுப்பும் சலசலப்பைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பதே எனக்குப் பெரிய சுகம். 1899-இல் திறக்கப்பட்ட பேலஸ் பியர் என்னும் கடற்பாலத்தை ஒருமுறை சுற்றிவந்தால் போதும். ஆனால் அதனருகே புறப்படும் வோல்க்ஸ் ரயிலைத் தவறவிடக் கூடாது. மேக்னஸ் வோல்க் 1883-இல் தொடங்கிய அந்தச் சிறு ரயில், இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மின்சார ரயில்களில் உலகிலேயே மிகப் பழமையானது.

ராயல் பெவிலியனுக்குள் நுழைந்ததும் மனம் கனத்துவிட்டது. பிரிட்டிஷ் மன்னர் நான்காம் ஜார்ஜுக்காக ஜான் நாஷ் இந்தியக் குவிமாடங்களோடு வடிவமைத்த அந்த அரண்மனை, முதல் உலகப் போரின்போது, 1914 இறுதியிலிருந்து ஓராண்டுக்கும் மேலாக, காயமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனையாக இருந்தது. சரவிளக்குகளுக்குக் கீழே கட்டில்கள் வரிசையாகப் போடப்பட்டிருக்கும் பழைய புகைப்படத்தின் முன் நெடுநேரம் நின்றேன்.

பிழைக்காமல் போன இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேர் எரியூட்டப்பட்ட இடத்தில், நகரின் புறப்பகுதியான பேட்சமுக்கு மேலுள்ள புல்மேட்டில், 1921-இல் திறந்துவைக்கப்பட்ட சத்ரி என்னும் வெண்பளிங்கு மண்டபம் நிற்கிறது. கார் அதுவரை போகாது. புல்வெளி வழியே நடந்துதான் ஏற வேண்டும். நம்மவர்கள் பிரைட்டனுக்குப் போனால், தயவுசெய்து அரை நாளை இதற்கென ஒதுக்குங்கள். குளிர்ந்த தூணில் கைவைத்துத் திரும்பிப் பார்த்தால், அவர்களுடைய அஸ்தி கரைக்கப்பட்ட கடல் தூரத்தில் தெரியும்.