கேஸ் என்ன டீசலா, ஓட ஓடத் தீர?

மே மாதம் வந்துவிட்டால் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் இருக்கும்: "தம்பி, ஏசி வண்டி கூல் ஆகல. கொஞ்சம் கேஸ் அடிச்சு விட்டுடு." கேஸ் என்ன டீசலா, ஓட ஓடத் தீர? மூடின குழாய்க்குள்ளேயே சுற்றுகிற சமாச்சாரம். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை.

நிற்கிற விமானத்தின் வயிற்றில் மஞ்சள் ஹோஸ் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் மறுமுனையில் நிற்பதுதான் என் வண்டி. மாட்டும் வாய் 8 அங்குலம்; ஏ320க்கு ஒன்று, போயிங் 777க்கு இரண்டு. இது இருந்தால் வாலில் இருக்கும் ஏபியூ என்ற குட்டி என்ஜினை ஓட்டி எரிபொருளைக் கரைக்க வேண்டாம்.

வீட்டு ஏசி அறைக்காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும். இது வெளிக்காற்றை இழுத்துக் குளிர்விக்கிறது. சென்னைக் காற்றின் ஈரமெல்லாம் காயிலில், அதாவது சில்லென்ற குழாய்ச்சுருளில், தண்ணீராக இறங்கும். அதனால் கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டுவதற்கு முன்னால், அந்தத் தண்ணீர் வெளியேறும் டிரெய்ன் குழாயைத்தான் பார்ப்பேன். தண்ணீர் கொட்டினால் வண்டி வேலை செய்கிறது என்று அர்த்தம். கோளாறு வெளியேதான்: ஹோஸ் மடங்கியிருக்கும், கிழிந்திருக்கும், இல்லையென்றால் கதவைத் திறந்துபோட்டு கேட்டரிங் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

போன வாரம் டிரெய்னில் சொட்டுத்தான் வந்தது. கூட இருந்த பையன், குழாய்க்குள் கேஸ் திரவமாக ஓடுவதைக் காட்டும் சைட் கிளாஸைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பபிள் ஓடுது, கேஸ் கம்மிதானே?" என்றான்.

"டிரையருக்கு முன்னாடி, பின்னாடி ரெண்டு பக்கமும் குழாயைத் தொட்டுப் பாருடா."

டிரையர் என்பது ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் வடிகட்டி. வெளியே வரும் பக்கம் சில்லென்று இருந்தால் டிரையர் அடைப்பு. அதற்கும் பபிள் வரும். இரண்டு பக்கமும் ஒரே சூடு. சரி, கேஸ்தான்.

லீக்கைத் தேட மெஷின் இருக்கிறது, ஆனாலும் முதலில் கண். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சுற்றுவதால், கசியும் இடத்தில் பிசுக்கு படிந்து தூசி ஒட்டியிருக்கும். பிரஷர் ஸ்விட்சுக்குப் போகும் மெல்லிய செம்புக்குழாய், கிளாம்ப் கழன்று சட்டத்தில் உரசியிருந்தது. நகத்தளவு கறுப்புத் திட்டு. துடைத்துவிட்டு சோப்புத் தண்ணீர் தடவினால் கடுகு கடுகாக நுரை. டீசல் என்ஜின் அதிர்வில் இந்தக் குழாய்கள்தான் முதலில் போகும்.

மிச்சமிருந்த கேஸை ரெக்கவரி சிலிண்டரில் பிடித்துவிட்டு, குழாயை மாற்றி, நைட்ரஜனில் பிரஷர் டெஸ்ட். யாராவது ஆக்சிஜன் சிலிண்டரைக் காட்டினால் அந்த இடத்தைவிட்டே விலகிவிடுங்கள். ஆயிலும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். புது டிரையர் போட்டு, 500 மைக்ரானுக்கு (வேக்குவம் அளக்கும் அலகு) கீழே வேக்குவம் இழுத்து, பம்ப்பை மூடிவிட்டுக் காத்திருக்கணும். முள் ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம். ஏறிக்கொண்டே போனால் இன்னொரு ஓட்டை. மேலிடத்துக்கு இந்தக் காத்திருப்புத்தான் பிடிக்காது.

இந்த வண்டியில் இருப்பது 407சி என்ற கலவை கேஸ். 32, 125, 134ஏ என்ற மூன்று கேஸ்களும் 23, 25, 52 சதவீதம் கலந்தது. ஆவியாக இழுத்தால் முதல் இரண்டும் முந்திக்கொண்டு வந்து கலவை மாறிவிடும். அதனால் சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, தராசில் வைத்து, திரவமாகத்தான் ஏற்றணும். நேம்பிளேட்டில் போட்டிருக்கும் கிலோவில் முடிந்தவரை என்ஜின் ஓடாதபோதே, கம்ப்ரசர் தள்ளும் பக்கமான ஹை சைடில் போய்விடும். மீதியை என்ஜினை ஓடவிட்டு, கம்ப்ரசர் இழுக்கும் பக்கமான சக்ஷனில், வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து விடுவேன். அவசரப்பட்டால் திரவம் கம்ப்ரசருக்குள் போய் வால்வு பிளேட் உடையும். அப்புறம் கேஸ் விலை ஒரு பொருட்டாகவே தெரியாது.

முடிந்ததும் எத்தனை கிலோ எடுத்தேன், எத்தனை போட்டேன், எங்கே லீக் என்பதைப் பேனல் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவிடுவேன். லாக்புக் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். நைட் ஷிப்ட்காரன் சாவி தேடிப் போகப்போவதில்லை.