ரிப்போர்ட்டில் எழுத முடியாத ப்ராஜெக்ட்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிமுறையில்) கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த கடைசி பேட்ச்களில் ஒன்று எங்களுடையது. எட்டாம் செமஸ்டரில் ப்ராஜெக்ட்டுக்கு 10 கிரெடிட், வாரத்துக்கு 20 பீரியடு. கூடவே இரண்டு எலெக்டிவ் தாள்கள். அடுத்து வந்த 2021 ரெகுலேஷனில் எலெக்டிவ்களை ஏழாம் செமஸ்டரோடு முடித்து, எட்டாவதை ‘ப்ராஜெக்ட் அல்லது இன்டர்ன்ஷிப்’ என்று மொத்தமாகத் திறந்துவிட்டார்கள். ஜூனியர்களைப் பார்த்தால் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். எங்களுக்கோ அந்த இரண்டு எலெக்டிவ்தான் ஆறு மாதத்தையும் ஆட்டிவைத்தது.

கேம்பஸ் இன்டர்வியூவில், சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையான ஓ.எம்.ஆர். பக்கத்துக் கம்பெனி ஒன்று என்னை எடுத்தது. ஜனவரியில் இன்டர்ன், ஜூலையில் வேலை. ஆனால் நடுவில் அவர்களுக்குத் திருப்தி வந்தால்தான் வேலை. கல்லூரி ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம். இரண்டுக்கும் நடுவே வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை. தூரம் ஒன்றும் பெரிதில்லை. பெரிதாக இருந்தது வேறு: கம்பெனியின் கணக்கில் வாரம் என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை, துறைத்தலைவரின் கணக்கில் எலெக்டிவ் வகுப்புகள் வெள்ளியும் சனியும். அந்த வெள்ளிக்கிழமை யாருக்குச் சொந்தம் என்பதை இரண்டு பக்கமும் ஒருவரோடு ஒருவர் பேசவே இல்லை. நடுவில் நான்தான் தபால்காரன். கம்பெனியின் எச்.ஆர். அனுப்பிய மெயிலை அச்சடித்து, ஓ.டி. (ஆன் டியூட்டி) படிவத்தோடு சேர்த்து, கிளாஸ் அட்வைசர், துறைத்தலைவர், பிரின்சிபல் அலுவலகம் என்று கையெழுத்துக்கு அலைவேன். 75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. மருத்துவக் காரணம் போன்றவை இருந்தால் 65 வரை இறங்கிவருவார்கள். ‘ஸ்பிரின்ட் ரிலீஸ் (வேலையை முடித்து வெளியிடும் கெடு) இருந்தது சார்’ என்பது மருத்துவக் காரணத்தில் சேராது.

மேனேஜரிடம் பேசுவது அதைவிடக் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அவர்தான் சுலபமாக முடித்தார். “வெள்ளிக்கிழமை வர மாட்டேன்னு முதல் வாரமே சொல்லிடு, அதுக்குத் தகுந்த மாதிரி டாஸ்க் தர்றேன். திடீர்னு காணாமப் போனாத்தான் பிரச்னை” என்றார். அவ்வளவுதான். ஆனால் எல்லா டீமிலும் இப்படி ஒருவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. என்னோடு சேர்ந்த ஒரு தோழிக்கு மாடல் எக்ஸாம் அன்றே டெமோ வைத்தார்கள். அவள் தேர்வை விட்டுவிட்டு டெமோவுக்குப் போனாள்.

அலுவலகத்தில் முதலில் வராதது நிரல் எழுதுவதல்ல, பெயர் சொல்லிக் கூப்பிடுவது. நாலு வருடம் ‘சார்’, ‘மேம்’ என்று பழகிய நாக்குக்கு, பத்து வயது மூத்த மென்டரைப் பெயர் சொல்லி அழைக்க வரவில்லை. ‘சார்’ வேண்டாம் என்றார். கடைசியில் ‘அண்ணா’வில் வந்து நின்றது. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

‘காலேஜில் படிச்சது எதுவுமே இங்க உதவாது’ என்று கேன்டீனில் தினமும் யாராவது சொல்வார்கள். எனக்கு அப்படி அமையவில்லை. எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை, மெதுவாக ஓடிக்கொண்டிருந்த ஒரு ரிப்போர்ட் பக்கம். ஒரு நாளின் பதிவுகளை டேட்டாபேஸிலிருந்து கேட்டு எடுக்கும் சாதாரண குவெரி. தேதி நெடுவரிசைக்கு, தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸும் இருந்தது. இருந்தும், குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் கட்டளை போட்டுப் பார்த்தால் முழு டேபிளையும் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தது. காரணம், குவெரியில் அந்த நெடுவரிசையை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு, நேரத்தை வெட்டித் தேதியாக்கிய பிறகுதான் ஒப்பிட்டிருந்தார்கள். இன்டெக்ஸ் என்பது நெடுவரிசையின் மதிப்புகளை வரிசைப்படுத்தி வைத்திருக்கும் மரம். ஃபங்ஷனிலிருந்து வெளிவரும் மதிப்பு அந்த மரத்தில் இல்லை. ‘இந்த நள்ளிரவிலிருந்து அடுத்த நள்ளிரவுக்குள்’ என்று எல்லை கொடுத்து மாற்றியதும் பக்கம் சட்டென்று திறந்தது. இது எனக்குத் தோன்றியதற்குக் காரணம் நாலாம் செமஸ்டர் டி.பி.எம்.எஸ். (டேட்டாபேஸ் பாடம்), நாலாம் யூனிட், பி ப்ளஸ் ட்ரீ. பதிமூன்று மார்க் கேள்வி என்று மனப்பாடம் செய்து, படம் போட்டு எழுதிய அதே மரம்.

அதே சமயம் லேப் ரெக்கார்டை நினைத்துச் சிரிப்பும் வந்தது. அங்கே எங்கள் ஸ்டூடன்ட் டேபிளில் பத்து வரி இருக்கும். பத்து வரிக்கு இன்டெக்ஸ் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? டேட்டாபேஸே அதைச் சட்டை செய்யாமல் முழு டேபிளையும் படித்துவிடும், அதுதான் வேகம். பாடத்தில் தப்பில்லை. ஆனால் அதன் அருமை கண்ணுக்குத் தெரியும் அளவு டேட்டாவை எங்களுக்கு யாரும் காட்டவில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ப்ராஜெக்ட்டின் முதல் மதிப்பாய்வான ஜீரோத் ரிவ்யூவில் கைடு (ப்ராஜெக்ட்டை வழிநடத்தும் கல்லூரி ஆசிரியர்) கேட்டவை: ஆர்க்கிடெக்சர் டயகிராம், ஸ்க்ரீன்ஷாட், பின்னிணைப்பில் சோர்ஸ் கோட். சேரும் நாளில் நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலோ இந்த மூன்றும் வெளியே போகக்கூடாது என்று இருந்தது. ரிப்போர்ட்டின் முன்பக்கத்தில் ‘இது இந்த மாணவரின் சொந்த உழைப்பு’ என்று கைடும் துறைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். எதை உழைத்தேன் என்று காட்ட எனக்கு அனுமதியில்லை. மென்டரிடம் கேட்டால் லீகல் டீமுக்கு மெயில் போடச் சொன்னார். அவர்களிடமிருந்து பதில் வரும் வேகத்துக்கு என் ரிவ்யூ காத்திருக்காது.

இந்த இடத்தில் பலர் என்ன செய்கிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். நகரமெங்கும் ப்ராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. தலைப்பு, கோட், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் ஒரே கவரில் வந்துவிடும். பகலெல்லாம் நிஜமான சாஃப்ட்வேர் எழுதிவிட்டு, அதை எழுத அனுமதியில்லாததால் காசு கொடுத்துப் பொய் ப்ராஜெக்ட் வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கம்பெனியின் மென்டரும் கல்லூரியின் கைடும் ஆரம்பத்திலேயே ஒரு முறை ஃபோனில் பேசிக்கொண்டால் தீரும் விஷயம் இது. அந்த ஃபோனைப் போடுவது யார் வேலை என்று எந்த ரெகுலேஷனிலும் நான் பார்க்கவில்லை.

என் கைடு ஒரு வழி சொன்னார். “கம்பெனி கோட் வேண்டாம்ப்பா. அங்க பார்த்த பிரச்னை பொதுவானதுதானே? அதை உன் லேப்டாப்ல நீயே உண்டாக்கு.” அப்படித்தான் செய்தேன். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை நிறுவி, அதில் வரிசையாக எண்களை உண்டாக்கும் ஜெனரேட் சீரிஸ் வைத்து 50 லட்சம் வரிக்குப் போலிப் பதிவுகளை நானே உருவாக்கினேன். ஆயிரம் வரியில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றி, இன்டெக்ஸோடும் இல்லாமலும், ஃபங்ஷனோடும் எல்லையோடும் அளந்து வரைபடம் போட்டேன். அலுவலகத்தில் ஒரே மதியத்தில் முடிந்த வேலை. அங்கே வேகம் கூடியதும் டிக்கெட்டை (வேலைக் குறிப்பை) மூடி அடுத்ததற்குப் போய்விட்டேன். எந்த அளவு வரை இன்டெக்ஸ் பயன்படாது, பாதி டேபிளையே கேட்கும் குவெரிக்கு அது ஏன் உதவாது என்பதெல்லாம் ராத்திரி மேன்ஷன் அறையில் இதை மறுபடி செய்தபோதுதான் பிடிபட்டது. கம்பெனிக்கு இந்த விவரம் தேவைப்படவில்லை. கல்லூரி கேட்டிருக்காவிட்டால் நானும் தேடியிருக்க மாட்டேன்.

எலெக்டிவ்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்று பிடித்தது, ஒன்று பிடிக்கவில்லை, இரண்டிலும் பாஸ்.

வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வேறு கல்லூரிக்காரர். வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இவ்வளவு லாபம்னா எல்லா நெடுவரிசைக்கும் இன்டெக்ஸ் போட்டுடலாமே?” என்றார். ஒவ்வொரு வரி சேரும்போதும் அத்தனை மரங்களையும் புதுப்பிக்க வேண்டும், எழுதும் வேகம் விழும் என்று சொல்லி, அளந்து வைத்திருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். தலையாட்டினார். பிறகு ரிப்போர்ட்டை மூடிவைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “ஸ்டைபண்ட் எவ்வளவு தர்றாங்க?” என்று கேட்டார். அதையும் வெளியே சொல்லக்கூடாது என்றுதான் ஒப்பந்தத்தில் இருந்தது. சொல்லிவிட்டேன்.