திருக்கடையூரில் அறுபது, தரங்கம்பாடியில் ஒரு மதியம்

வேன் ஓட்டுநர் மேல் இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மயிலாடுதுறை ரயில் நிலையத்திலிருந்து திருக்கடையூருக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். பதினோரு பேருக்கு 1,800 ரூபாய் என்று போனில் பேசி முடித்திருந்தோம். கோயில் தெருவில் மூட்டைகளை இறக்கியதும் 2,600 கேட்டார். சாமான் அதிகமாம், காத்திருந்த நேரத்துக்குத் தனிக் கணக்காம். ரயில் தாமதமானதற்கு நாங்களா பொறுப்பு? "நல்ல காரியத்துக்கு வந்திருக்கிறோம், வாக்குவாதம் வேண்டாம்" என்று அப்பா பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். விசேஷத்துக்கு வருகிறவர்கள் சண்டை போட மாட்டார்கள் என்று தெரிந்தே கேட்கிறார்கள். நீங்கள் போவதாக இருந்தால் பேசிய தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பா 1965 ஆவணியில் பிறந்தவர். அது விசுவாவசு வருடம். அறுபது வருடம் சுற்றி அதே விசுவாவசு 2025 சித்திரையில் திரும்பி வந்தது. ஆவணியில் அவருடைய நட்சத்திரம் வரும் நாளில் அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில்தான் வைக்க வேண்டும் என்று அம்மா பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைத்த சுவாமி இருக்கிற தலம். ஆயுள் வேண்டி வேறு எங்கே போவது?

எங்கள் குடும்பத்துக்கு இந்த வருடம் முழுக்கவே விசேஷங்கள்தான். பங்குனியில் சிங்கப்பூரில் தம்பிக்கு மகள் பிறந்தாள். வைகாசியில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. ஆனியில் என் மகன் ஒன்றாம் வகுப்புக்குப் போனான். அக்கா கோயம்புத்தூரில் வீடு மாறினாள். இவ்வளவும் ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி வீடியோ அழைப்பில்தான் பரிமாறப்பட்டன. அப்போது தம்பிக்கு இரவு பத்தரை. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு ரகசியக் குரலில் பேசுவான். பேத்தி குப்புற விழுந்த நாளை அம்மா நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். ஆனால் அந்தப் பேத்தியை இன்னும் ஒருவரும் தூக்கவில்லை.

தம்பியால் வர முடியவில்லை. புது வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான், விடுப்பு கிடைக்கவில்லை. கைக்குழந்தையோடு மூன்று பேருக்கு விமான டிக்கெட் என்றால் அது தனிச் சுமை. எனக்கு அது புரிகிறது. ஆனாலும் கடன் வாங்கியாவது வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதை அவனிடமே சொல்லிவிட்டேன்.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போதெல்லாம் அறுபது நாளுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது. தேதி முடிவாவதற்குள் எங்களுக்கு அதில் பத்து நாள் போய்விட்டது. தாம்பரத்தில் சோழன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். பதினோரு பேரும் மூன்று பெட்டிகளில்.

கோயிலுக்குள் அன்று எத்தனை ஜோடிகளோ, எண்ணி மாளாது. அதனால் வெளியே ஒரு சிறிய மண்டபத்தில் ஏற்பாடு செய்திருந்தோம். புரோகிதர், பூ, ஹோமச் சாமான், நாதஸ்வரம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே தொகை. கலசங்களின் எண்ணிக்கை கூடக் கூட தொகையும் கூடும். நாங்கள் குறைந்ததைத்தான் எடுத்தோம். அதிலும் மாலை தனி, தட்சிணை தனி என்று கடைசியில் ஆறாயிரம் கூடியது. "எது எது தனி?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

விடியற்காலையில் கோ பூஜை. பிறகு ஹோமம். அப்பாவையும் அம்மாவையும் பலகையில் உட்கார வைத்துக் கலச நீரைச் சல்லடை வழியாக ஊற்றச் சொன்னார்கள். முதலில் அக்கா, பிறகு நான். குளிரில் அம்மாவின் தோள் நடுங்கியது. அப்பா கண்களை மூடிக்கொண்டு, நெற்றியில் விபூதி கரைந்து மூக்கு வழியே இறங்க, சிறு பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். என் கை அங்கேயே நின்றுவிட்டது. என் மகன்தான் "ஊற்றுங்கள் அம்மா" என்றான்.

தாலி கட்டும் நேரம். குத்துவிளக்கின் தண்டில் போனைச் சாய்த்து வைத்திருந்தோம். அப்பா தாலியைக் கையில் எடுத்ததும் திரையில் தம்பியின் முகம் அப்படியே உறைந்துவிட்டது. நாதஸ்வரம் உச்சத்தில் இருந்தது. அப்பா கையை இறக்கினார்.

"அவன் வரட்டும்."

மண்டபத்துக்காரர் கதவருகே நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். அடுத்த ஜோடி வெளியே காத்திருந்ததாம். புரோகிதர் மட்டும், "முகூர்த்தம் இருக்கிறது, பரவாயில்லை" என்று இன்னொரு மந்திரம் சொன்னார். அவர் நன்றாக இருக்க வேண்டும். அக்கா போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினாள். "அப்பா, தெரிகிறது!" என்று தம்பியின் குரல் கேட்ட பிறகுதான் அப்பா தாலி கட்டினார். அந்தப் பக்கம் அவன் விசும்புவது எல்லோருக்கும் கேட்டது.

மறுநாள் தரங்கம்பாடி. பத்து கிலோமீட்டர்கூட இல்லை. வந்த நாளின் வேன் செலவு மனதில் இருந்ததால் நகரப் பேருந்தில் ஏறினோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் கூட்டத்தில் ஏழு பேர் பெண்கள். ஜன்னல் கம்பி ஆடியது, இருக்கை கிழிந்திருந்தது, ஆனால் காற்று கடற்காற்று!

மதியம் ஓலைக் கூரை போட்ட ஒரு கடையில் சாப்பிட்டோம். கொடுவா மீன் குழம்பு. மாங்காய்த் துண்டு போட்டு, மண்சட்டியில் கொதித்துக்கொண்டே வந்தது. முதல் வாய் உண்டதும் பெரியத்தை பேச்சை நிறுத்திவிட்டார், அது நடக்காத காரியம். சோற்றை மூன்று முறை கேட்டு வாங்கினோம். விலையும் நியாயம். கடைக்காரம்மா பிள்ளைகளுக்கு முள் எடுத்துக் கொடுத்தார். இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு மேலாகக் கிடைத்தது இந்த ஒரு இடத்தில்தான்.

டேனியர் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் இந்தக் கரையில்தான் வந்து இறங்கினார். தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, தமிழ்ப் புத்தகங்கள் அச்சிட்டவர். அவர் தன் நாட்டுக்கு எழுதிய கடிதங்கள் கப்பலேறிப் போய்ச் சேரப் பல மாதங்கள் ஆகும் என்று நான் சொன்னதும் அப்பா கோட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குப் பதினைந்து நாள்" என்றார்.

1989 முதல் ஒன்பது வருடம் அவர் மஸ்கட்டில் எலக்ட்ரீஷியன். என் முதல் பால் பல் விழுந்ததை அம்மாவின் கடிதத்தில்தான் படித்தாராம். தம்பிக்குச் செருப்பு வாங்க அம்மா அவன் பாதத்தைக் கடிதத்தாளில் வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்து அனுப்புவார். அந்தத் தாளைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறுவாராம். "செருப்பு வந்து சேரும்போது அவன் கால் வளர்ந்திருக்கும்" என்றார் அம்மா. இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று இரவு அழைப்பில் பேத்திக்குக் கொலுசு செய்வது பற்றிப் பேச்சு வந்தது. தம்பி குழந்தையின் காலைத் திரைக்கு அருகே காட்டினான். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "போனில் அளவு தெரியாது. தாளில் வைத்து வரைந்து தபாலில் அனுப்பு" என்றார்.

போன வாரம் அது வந்தது. நீல மசியில், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல, என் ஆள்காட்டி விரலைவிடக் கொஞ்சம்தான் நீளம். அப்பா அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நகைக்கடைக்குக் கிளம்பினார்.