உனம்புவேயும் லியோபோல்டும்

பள்ளி மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பழைய மாணவர் சங்கத்தார் மூன்றாம் தடவையும் கேட்டுவிட்டார்கள். விளையாட்டுப் போட்டி, விடுதிச் சாப்பாடு எல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு நினைவில் நிற்பது வாங்குதான், வகுப்பறைப் பெஞ்சு. ஒன்பதாம் வகுப்பில் வரலாற்று மாஸ்டர் என்னை அதில் ஏற்றி, பாடம் முடியும்வரை இறக்கவில்லை.

கண்டி அரசர் வரிசை கேட்டார். நரேந்திரசிங்கனுக்கு அடுத்து அவன் மகன் என்றேன். வந்தது மகன் அல்ல, 1739இல் அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன், மதுரைப் பக்கத்து நாயக்கர். மகன் இல்லாமலில்லை, உனம்புவே என்று ஒருவன் இருந்தான். தாய் அரச குலம் இல்லையென்று ஒதுக்கிவிட்டார்கள். “தகப்பன் ஆரெண்டு மட்டும் கேட்டால் காணாது தம்பி, தாய் ஆரெண்டும் கேக்கவேணும்” என்றார் மாஸ்டர். வாங்கில் நின்றபடி கேட்டதால் அது மறக்கவில்லை.

பிறகு நாடு விட்டு வந்து, ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். இரவு வேலை முடிந்து மார்க்ட்பிளாட்ஸ் என்ற சந்தைச் சதுக்கத்தில் ட்ராமுக்குக் காத்து நிற்கும்போது எதிரே ஒரு சிவப்புக் கல் பிரமிட். எகிப்துக்காரன் யாரோ கட்டியது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அது கல்லறை. 1715இல் நகரத்தை உண்டாக்கிய பாடன்-டுர்லாக் அரசர் கார்ல் வில்ஹெல்ம் அடியில் கிடக்கிறார். முதலில் அவருக்கு மேலே தேவாலயம் இருந்ததாம். 1807இல் அதை இடித்துவிட்டு, பிற்பாடு பிரமிட்டைக் கட்டினார்கள்.

பல வருடம் கழித்து மகளுக்குப் பள்ளியில் பாடன், அதாவது அந்தப் பக்கத்துப் பழைய அரசின், அரசர் வரிசை வந்தது. சமையலறை மேசையில், மின்சாரக் கட்டணத் தாளின் பின்பக்கத்தில் இருவருமாக வம்ச மரம் கீறினோம். தொடக்கத்திலேயே ஒரு தலைமுறை தாவியது. கார்ல் வில்ஹெல்மின் மகன் தகப்பனுக்கு முன்பே இறந்துபோக, 1738இல் 9 வயதுப் பேரன் கார்ல் பிரீட்ரிக் அரசன் ஆனான். மாஸ்டரின் 1739க்கு ஒரு வருடம் முன்பு!

அந்தச் சிறுவன் 73 வருடம் ஆண்டார். 1535இல் இரண்டாகப் பிரிந்த பாடன் 1771இல் அவர் கையில் ஒன்றானது, 1783இல் பண்ணையடிமை முறையை ஒழித்தார், நெப்போலியனின் தயவில் நாடு பல மடங்கு பெருத்து 1806இல் பெருங்கோமகன் (கிராண்ட் டியூக்) ஆனார். ஆனால் எங்கள் தாளில் சிக்கல் வந்தது அவரது இரண்டாம் கல்யாணத்தால். முதல் மனைவி இறந்தபின், 1787இல், அரண்மனைப் பணிப்பெண் லூயிசே கரோலினேயை முடித்தார். ஹோக்பெர்க் சீமாட்டி என்ற பட்டமெல்லாம் பிறகு கொடுத்தது. குலம் சரியில்லை, பிள்ளைகளுக்கு அரியணை உரிமை இல்லை. “உனம்புவே!” என்று கத்திவிட்டேன். மகள் பயந்துபோனாள்.

மூத்த தாரத்து மகன் 1801இல் சுவீடனில் விபத்தில் போய்விட்டார். ஆகவே 1811இல் மறுபடியும் பேரன்தான்: கார்ல். மனைவி நெப்போலியனின் வளர்ப்பு மகள் ஸ்தெபனி. மூன்று பெண்கள் தங்கினார்கள், இரண்டு ஆண் குழந்தைகளும் தங்கவில்லை. அடுத்து மிச்சம் இருந்தது வாரிசில்லாத சித்தப்பா லுட்விக் மட்டுமே. அந்தக் கிளை முடிந்தால் ஹைடெல்பெர்க், மன்ஹைம் பக்கமெல்லாம் தனக்கு என்று பவேரியா காத்திருந்தது. யாழ்ப்பாணத்தானுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: வேலிக் கதியாலைத் தள்ளி நட பக்கத்துக் காணிக்காரன் நிற்கிறான். 1817இல் கார்ல் ஒரு குடும்பச் சட்டம் போட்டு, பாட்டனின் இளைய தாரத்துப் பிள்ளைகளை இளவரசர்கள் ஆக்கினார். அடுத்த வருடம் ஆஹன் மாநாட்டில் வல்லரசுகளும் தலையாட்டின. குலம் ஒரே கையெழுத்தில் சரியாகிவிட்டது.

1818இல் கார்ல் போக லுட்விக், 1830இல் லுட்விக் போக லியோபோல்ட், அந்தப் பணிப்பெண்ணின் மகன். தாய் பார்க்கவில்லை, 1820இலேயே போய்விட்டார். பேரனுக்குப் பின் சித்தப்பா, சித்தப்பாவுக்குப் பின் அவருடைய மாற்றாந்தாய்த் தம்பி என்று போக, மகள் அம்புக்குறியை மேல்நோக்கிக் கீறவேண்டி வந்தது. பிழையாக்கும் என்று இரண்டு தரம் அழித்தாள்.

ஊர்வாய் சும்மா இருக்குமா? 1828இல் நியூரம்பெர்க் தெருவில் கஸ்பர் ஹவுசர் என்றொரு பெடியன் எங்கிருந்தோ வந்து நின்றான். 1812இல் செத்ததாகச் சொன்ன ஸ்தெபனியின் குழந்தை இவன்தான், தன் மகன் அரியணை ஏறவேண்டுமென்று ஹோக்பெர்க் சீமாட்டி மாற்றி வைத்துவிட்டாள் என்று கதை கட்டினார்கள். தலைமயிரை மரபணுச் சோதனை செய்து, அவன் பாடன் குடும்பம் அல்ல என்று 2024இல் முடிவு வந்தது. இருநூறு வருடம் அந்தப் பெண்மேல் வீண்பழி. எனக்கு அதில் கோபம்தான்.

லியோபோல்டின் மூத்த மகனுக்கு மனநலம் சரியில்லாததால் இளையவர் பிரீட்ரிக் பொறுப்பெடுத்து 1907வரை ஆண்டார். அவர் மகன் 1918 நவம்பர் 22இல் முடிதுறந்தார். பழைய கார்ல் பிரீட்ரிக் பிறந்ததும் ஒரு நவம்பர் 22.

இப்போது ட்ராம் நிலத்துக்கு அடியில் ஓடுகிறது, காத்து நிற்கும்போது பிரமிட் தெரியாது. ஆனாலும் வாய் தானாக வரிசை சொல்லும், லியோபோல்ட் வந்ததும் கொஞ்சம் நிற்கும். அன்று என்னோடு வாங்கில் ஏறிய இன்னொருவர் இப்போது டொரோண்டோவில் இருக்கிறார். தான் என்ன பிழை சொன்னார் என்பதை அடுத்த மலரில் அவரே எழுதட்டும்.