கத்திரிக்கு முன் ஒரு பெரிய வெட்டு

சென்ற பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சேலத்தை ஒட்டிய கன்னங்குறிச்சியில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 16 ஆண்டுகளாகத் தட்டில் போன்சாயாக வளர்ந்துவரும் புளியமரத்தின் இடப்பக்கக் கிளை ஒன்றை அடியோடு அறுத்து எடுத்தேன். கட்டைவிரலைவிடப் பருமனான கிளை அது. மரத்தின் தண்டு தடிக்க வேண்டும் என்பதற்காகவே நான்கு ஆண்டுகள் நுனி கிள்ளாமல் ஓடவிட்டிருந்தேன்; தண்டு போதுமான அளவு தடித்துவிட்டதால் அதன் வேலை முடிந்திருந்தது. வடகம் பிழிய மாடிக்கு வந்த என் தாயார், தரையில் கிடந்த கிளையையும் என் கையிலிருந்த ரம்பத்தையும் பார்த்துவிட்டு, "வெயில் காலத்துல போயி யாராச்சும் மரத்த வெட்டுவாங்களா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதே கேள்வியை என்னிடம் கேட்கும் போன்சாய் நண்பர்கள் பலருக்கும் சேர்த்து இங்கே விரிவாக எழுதிவைக்கிறேன்.

போன்சாய் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை ஜப்பானின் பருவங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே இலையுதிர் மரங்களுக்குக் குளிர்கால உறக்கம் உண்டு. அந்த உறக்கம் கலைவதற்குச் சற்று முன்பு பெரிய வெட்டுகளைப் போடுவார்கள். ஆல், அரசு, இச்சி போன்ற வெப்பநாட்டு மரங்களுக்கு மட்டும் கோடையின் தொடக்கமே ஏற்ற காலம் என்று அந்நூல்கள் சொல்லும். இதைப் படித்துவிட்டு மே மாதம் சேலத்தில் ரம்பத்தை எடுப்பவர் ஒன்றை மறந்துவிடுகிறார். ஜப்பானில் கோடை தொடங்கும் ஜூன் மாதம் அவர்களுக்கு மழைக்காலமும்கூட. காற்றில் ஈரம் ததும்பும், வானம் மூடியிருக்கும். நமக்கோ கோடை என்றால் வறட்சி. சூட்டில் மரம் வேகமாக வளரும் என்பது இரண்டு ஊர்களுக்கும் பொது. வெட்டிய பிறகு அந்த மரத்தின்மேல் அடிக்கும் காற்று பொது அன்று.

ஆகவே நான் நூலின் மாதத்தை விட்டுவிட்டு நம் மாதத்தைப் பிடித்துக்கொண்டேன். பெரிய வெட்டுக்கு என் கணக்கில் இரண்டு வாய்ப்புகள் உண்டு. மாசிக் கடைசியிலிருந்து பங்குனி பாதி வரை ஒன்று. அப்போது வெட்டினால், மே 4 வாக்கில் கத்திரி பிறப்பதற்குள் மரத்துக்கு ஐந்தாறு வாரம் கிடைக்கும், வெட்டுவாயின் ஓரம் திரளத் தொடங்கியிருக்கும். கோடை மழை நான்கைந்து பெய்து முடிந்த ஆனி, ஆடி மாதங்கள் மற்றொன்று. ஆடியில் வெட்டுவதானால் மரத்தின் தட்டை, அது நிற்கும் பலகையோடு கம்பியால் கட்டிவிட வேண்டும். அம்மியையே பறக்கவிடும் காற்று, அரை சாண் உயரமுள்ள மரத்தை விட்டுவைக்காது. கத்திரியின் 25 நாட்களிலும் நுனி கிள்ளுவதைத் தவிர வேறு எந்த வேலையும் செய்வதில்லை என்று முடிவு செய்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன.

இந்த முடிவு ஓர் இழப்பினால் வந்தது. அழகான விழுதுகளோடு ஓர் இச்சி மரம் என்னிடம் இருந்தது. நாற்றுப் பண்ணைக்காரர்கள் ஃபைகஸ் என்று மொத்தமாகச் சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தது. மே மாத முதல் வாரத்தில், ஒரே நாளில், அதன் இரண்டு பெரிய கிளைகளை எடுத்தேன். தலைப்பகுதியில் பாதிக்குமேல் போயிற்று. வெட்டு சுத்தமாகவே இருந்தது, காயத்தின்மேல் பூசும் பசையும் தடவினேன். பிறகுதான் தவறு தொடங்கியது. மரம் காயப்பட்டிருக்கிறது, வெயிலும் கொளுத்துகிறது, பாவம் என்று எண்ணி நாளுக்கு மூன்று வேளை தண்ணீர் ஊற்றினேன். வேர் உறிஞ்சும் நீரில் பெரும்பங்கு இலை வழியாகத்தான் ஆவியாகி வெளியேறுகிறது. பாதி இலையை வெட்டியெறிந்த மரத்துக்குப் பாதித் தண்ணீரே போதும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இரண்டாவது வாரம் மீதமிருந்த இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். தட்டைக் கவிழ்த்துப் பார்த்தபோது மண்ணில் சாக்கடை நாற்றம் அடித்தது; வேரைப் பிடித்து இழுத்தால் கறுத்த தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் மட்டும் நின்றது. தண்டின் மேற்குப் பக்கத்தில், அதுவரை கிளை மறைத்திருந்த இடத்தில், பட்டை வெந்து உள்வாங்கியிருந்தது. அந்த மரத்தை வெட்டு கொல்லவில்லை. மிதமிஞ்சிய தண்ணீரும், புதிதாகத் திறந்துவிடப்பட்ட பட்டையில் அடித்த வெயிலும் சேர்ந்துதான் கொன்றன.

பட்டை வேகும் இந்தக் கதையை ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கவாத்து வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் சொல்லி வருந்தியபோது அவர் சிரித்துவிட்டார். "அந்தப் பக்கம் ஒரு சாக்கைக் கட்டியுட்டிருந்தா தப்பிச்சிருக்குமுங்க. தோலு வெந்துருச்சுன்னா அப்புறம் என்ன பண்ணுறதுங்க" என்றார். சேர்வராயன் மலையில் 1820 வாக்கிலேயே காபி வந்துவிட்டது. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் அதை வளர்த்துக் கவாத்து செய்துவரும் அனுபவம் அந்த மக்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது. காபிச் செடியின் தண்டில் நேர் வெயில் விழுந்தால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு முட்டையிட வந்துவிடும் என்பதால், எந்தக் கிளையை எடுத்தால் எங்கே வெயில் விழும் என்று பார்த்த பிறகே அவர்கள் கத்தியை எடுப்பார்கள். அன்று முதல் நானும் பெரிய வெட்டுக்குப் பிறகு, திறந்துபோன பட்டையின்மேல் நனைந்த சணல் சாக்குத் துண்டு ஒன்றைத் தளர்வாகச் சுற்றிவைக்கிறேன். பார்ப்பதற்குத் தலைக்காயத்துக்குக் கட்டுப்போட்ட சிறுவனைப் போல இருக்கும். மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளலாம்.

வெட்டும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் கிளையை அடியிலிருந்து ஒரு விரல் தள்ளி அறுத்துப் பாரத்தைக் குறைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் கிளை தன் எடையில் சாய்ந்து தண்டின் பட்டையைக் கீழ்நோக்கி உரித்துக்கொண்டு போகும். பிறகு எஞ்சிய அடித்துண்டைத் தண்டை ஒட்டி, குழிவாய் வெட்டி என்னும் போன்சாய்க் கருவியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுக்கிறேன். வெட்டுவாய் சமமாக இராமல் நடுவில் சற்றே பள்ளமாக இருக்க வேண்டும். காயத்தை மூடும் புதுச் சதை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கித் தடித்து வருவது. பள்ளம் இருந்தால்தான் அது வந்து சேரும்போது தண்டோடு மட்டமாக நிற்கும், இல்லாவிட்டால் புடைத்துக்கொண்டு மரு போலத் தெரியும். கடைசியாக, நெருப்பில் காட்டி ஆறவைத்த கூரான கத்தியால் வெட்டின் விளிம்பை ஒரு சுற்றுச் சீவ வேண்டும். ரம்பத்தின் பல் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள வளர்படலத்தைப் பிய்த்துவைத்திருக்கும். அந்தப் பிசிறு போய், வழவழப்பான ஈரக்கோடு ஒன்று வட்டமாகத் தெரிந்தால் வேலை சரி. புதுச் சதை பிறப்பது அந்தக் கோட்டிலிருந்துதான். நடுவிலுள்ள கட்டைக்குத் தன்னை மூடிக்கொள்ளும் சக்தி கிடையாது.

இச்சியும் ஆலும் வெட்டியவுடன் பால் வடிக்கும். அதன்மேல் பசை ஒட்டாது. தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, பால் நின்ற பிறகே பூச வேண்டும். பூசுவதற்கு வெளிநாட்டுப் பசை கிடைக்கிறது. விலை என் கைக்கு எட்டுவதில்லை. மாந்தோப்புக்காரர்கள் பயன்படுத்தும் போர்டோ பசையே எனக்குப் போதுமானதாக இருக்கிறது: மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது தோட்டக் கணக்கு; மாடித் தோட்டத்துக்கு அதே விகிதத்தில் 10 கிராம், 10 கிராம், 100 மில்லி எடுத்து, இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் டப்பாவில் கரைத்துப் பிறகு கலந்துகொள்கிறேன். இரும்புப் பாத்திரம் ஆகாது, மயில்துத்தம் அரித்துவிடும். நீலக்கறை சில மாதம் இருக்கும் என்பது ஒன்றுதான் குறை.

எல்லா மரமும் ஒரே மாதிரி ஆறுவதில்லை. இச்சி வேகமாக மூடும். புளி மெதுவாக மூடும், ஆனால் மூடும். காகிதப்பூவின் பெரிய வெட்டு பெரும்பாலும் மூடுவதே இல்லை, உள்கட்டை மெத்தென்று மட்கிப்போகும். அதனால் அதில் காயத்தை மறைக்கப் பார்க்காமல், காய்ந்த பிறகு குடைந்து பொந்தாக்கிவிடுவது நல்லது. சவுக்கின் கிளையில் பச்சை எதையும் விடாமல் மொட்டையடித்தால் அந்தக் கிளை திரும்பத் துளிர்க்காது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இனித் தண்ணீர். போன்சாய் என்ற சொல்லுக்கே தட்டில் நட்டது என்றுதான் பொருள். நான்கு விரல் ஆழமுள்ள அந்தத் தட்டில் இருக்கும் மண், நிலத்து மண்ணைப் போல அடியில் குளிர்ந்து கிடப்பதில்லை. மேலே வெயில், கீழே கான்கிரீட் தளத்தின் சூடு, பக்கத்தில் கைப்பிடிச் சுவரின் சூடு என்று மூன்று பக்கமும் வேகும். பிற்பகல் இரண்டு மணிக்குத் தட்டின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். தோசைக்கல் அளவுக்கு இல்லாவிட்டாலும் விரலை வைத்திருக்க முடியாது. மரங்களைத் தளத்திலிருந்து இடுப்பளவு உயரத்தில் பலகைமேல் ஏற்றியது, நான் செய்ததிலேயே அதிகப் பலன் தந்த வேலை. அதற்குமேல் 50 சதவீத நிழல்வலை கட்டி, தட்டுகளுக்கு அடியில் ஈர மணல் பரப்பினேன். மண்ணின் மேற்பரப்பில் தேங்காய் நாரை ஒரு விரல் கனத்துக்குப் பரப்புவதும் உதவும். ஆனால் பெரிதாக வெட்டிய மரத்துக்கு அதைச் செய்வதில்லை, அதன் மண் காய்கிறதா என்று கண்ணால் பார்க்க முடிய வேண்டும்.

ஊற்றுவதற்கு முன் ஊதுபத்திக் குச்சி ஒன்றை மண்ணில் செருகி ஐந்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்க்கிறேன். குச்சியின் கீழ்ப்பாதியில் ஈரம் ஏறியிருந்தால் வெட்டிய மரத்துக்கு அந்த வேளை தண்ணீர் இல்லை. பக்கத்திலேயே வெட்டாத மரம் காலையும் மாலையும் கேட்கும். இரண்டுக்கும் ஒரே குழாயை ஒரே நேரம் பிடிப்பதுதான் மாடித் தோட்டத்தில் நடக்கும் கொலைகளில் பாதி. மாலையில் குழாயைத் திறந்ததும் வரும் முதல் இரண்டு குடம் தண்ணீர், மாடித் தொட்டியில் நாளெல்லாம் காய்ந்த வெந்நீர்; அதைப் பாத்திரம் கழுவ விட்டுவிட்டு, காலையிலேயே பிடித்து நிழலில் வைத்த வாளித் தண்ணீரை ஊற்றுகிறேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் தட்டின் விளிம்பில் வெள்ளை உப்புப் படிவை விட்டுவிடுவதால், குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நாட்களில் அதையே மரங்களுக்கு ஒதுக்குகிறேன். மண்ணிலும் இப்போது செம்மண் கிடையாது; மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் வரை சலித்த செங்கல் துண்டும் மட்கிய எருவும்தான். தண்ணீர் ஊற்றினால் நின்று யோசிக்காமல் இறங்கிவிடும்.

உரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: வெட்டிய மரத்துக்குப் புது இலை விரிந்து முற்றும் வரை எதுவும் வேண்டாம், அதன்பின் புளித்துத் தெளிந்த கடலைப் புண்ணாக்குக் கரைசலை நீர்க்க ஊற்றலாம். வறண்ட சூட்டில் செஞ்சிலந்தி இலையின் அடியில் சேரும். காலை வேளையில் கீழிருந்து மேலாக நீரைப் பீய்ச்சினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். கம்பி கட்டிய கிளைகளை வாரம் ஒருமுறை பார்க்கவும். கோடையில் இச்சியின் கிளை பருக்கும் வேகத்தில் கம்பி பதிந்துவிட்டால், அந்தத் திருகுவடு ஆண்டுக்கணக்கில் போகாது.

இறந்துபோன இச்சியிலிருந்து முன்பே பதியம் போட்டு எடுத்த இரண்டு கன்றுகள் பிழைத்திருந்தன. ஒன்று மாடியில் இருக்கிறது. இன்னொன்றை ஏற்காட்டில் இருக்கும் என் அக்கா வீட்டில் விட்டிருக்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறினால் ஏறத்தாழ எட்டு டிகிரி குறைந்துவிடுகிறது. அங்கே மே மாதத்தில்கூட மாலைக் குளிரில் இலைகள் பளபளவென்று நிற்கும், எந்தக் கவலையும் இல்லை. ஆனால் இரண்டிலும் ஒரே வாரம், ஒரே பருமனில் போட்ட வெட்டில், கீழே இருப்பது ஒன்றரை ஆண்டில் மூடிவிட்டது. மேலே இருப்பதில் இன்னும் ஒரு பட்டாணி அளவு கட்டை தெரிகிறது. மரம் சுகமாக இருப்பதும் காயம் விரைவாக மூடுவதும் ஒன்றல்ல என்பதை அந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் புரிந்துகொண்டேன். கோடைக்கு மரங்களையெல்லாம் வண்டியிலேற்றி மலைக்கு அனுப்பிவிடலாமா என்று முன்பு நினைத்ததுண்டு, இப்போது நினைப்பதில்லை.

பங்குனியில் வெட்டிய புளி, சித்திரைக் கடைசியில் வெட்டுவாய்க்கு அரை விரல் கீழே மூன்று மொட்டுகளைத் தள்ளியது. இரண்டைக் கிள்ளிவிட்டு, தெற்கு நோக்கியதை மட்டும் விட்டிருக்கிறேன். நீலப் பசையின் ஓரத்தில் வெளிர்பச்சை நிறத்தில் ஒரு வளையம், நூல்கயிறு கனத்துக்குத் திரண்டிருக்கிறது. சாக்குக் கட்டைப் பிரித்தாயிற்று. வலப்பக்கத்தில் எடுக்க வேண்டிய இன்னொரு கிளையில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். கத்திரி முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, ரம்பம் பரணில் இருக்கிறது.