பின்பக்கத்துக் காற்று

கார் பிரியர்கள் காற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முன்பக்கத்தில்தான் தொடங்குவார்கள். மூக்கு எவ்வளவு கூர்மை, பானெட் எவ்வளவு தாழ்வு, கண்ணாடி எவ்வளவு சாய்வு என்று பேச்சு போகும். நான் சென்னைக்கு வெளியே ஒரு கார் நிறுவனத்தின் பொறியியல் மையத்தில் ஏரோடைனமிக்ஸ் பிரிவில், அதாவது காரைச் சுற்றி ஓடும் காற்றைக் கவனிக்கும் பிரிவில், வேலை பார்க்கிறேன். என் வேலை நேரத்தில் பெரும்பகுதி காரின் பின்பக்கத்தில்தான் கழிகிறது.

அதற்குக் காரணம் இருக்கிறது. முன்னால் மோதும் காற்று கொஞ்சம் அமுங்கி, பானெட்டின் ஓரத்திலும் கூரையிலும் வளைந்து வேகமெடுத்து ஓடிவிடும். பெரிய தொல்லை வண்டி முடிகிற இடத்தில்தான். அங்கே உடல் சட்டென்று நின்றுவிடுகிறது; அவ்வளவு கூர்மையாகத் திரும்பக் காற்றால் முடியாது. அது உடலை விட்டுப் பிரிந்து சுழல, பின்கதவை ஒட்டி அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உருவாகிறது. முன்னால் அழுத்தம் கூடுதல், பின்னால் குறைவு. இந்த வித்தியாசம்தான் காரைப் பின்னுக்கு இழுக்கிறது. ஹாட்ச்பேக்கும் எஸ்யூவியும் அதிகம் ஓடும் நம் ஊரில் இது இன்னும் முக்கியம். இரண்டுக்குமே பின்பக்கம் ஏறக்குறைய ஒரு சுவர்.

கொஞ்சம் கணக்கு பார்க்கலாம். ஒரு காரின் வடிவம் காற்றுக்கு எவ்வளவு இசைவானது என்பதைச் சொல்லும் எண்ணை நாங்கள் சிடி என்போம்; அது குறையக் குறைய நல்லது. சிடி 0.32, முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் பரப்பு 2.2 சதுர மீட்டர் என்று ஒரு சாதாரணக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் காற்றைத் தள்ள அதற்கு ஒன்றரைக் குதிரைத்திறன் போதும். 100இல் கிட்டத்தட்ட 12 வேண்டும். 130இல் 25ஐத் தாண்டிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்கு, அதை எதிர்க்கத் தேவையான திறன் எட்டு மடங்கு. 65, 70 கி.மீ. வரை டயர் உருள்வதில் ஏற்படும் தடைதான் பெரிது. நகரத்துக்குள் கார் ஓட்டும்போது எங்கள் பிரிவின் உழைப்பை நீங்கள் உணரவே மாட்டீர்கள். பரனூர் டோல்கேட் தாண்டித் திருச்சி ரோட்டில் நல்ல வேகம் பிடித்ததும் எங்கள் வேலை தொடங்கிவிடும்.

சிடியை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவதும் போதாது. பொறியாளர் எட்மண்ட் ரும்ப்ளர் 1921இல் பெர்லினில் காட்சிக்கு வைத்த 'துளி' வடிவக் காரை, 1979இல் ஃபோக்ஸ்வாகன் தன் விண்ட் டன்னலில், அதாவது நிற்கும் கார் மேல் காற்றை வீசிச் சோதிக்கும் கூடத்தில், வைத்து அளந்தது. 0.28 வந்தது. இன்றைக்கும் பல கார்கள் தொடாத எண். ஆனால் அது உயரமான வண்டி. காற்றை எதிர்கொள்ளும் பரப்போடு பெருக்கிப் பார்க்கும்போதுதான் உண்மையான தடை தெரியும். ஒரு எஸ்யூவியின் சிடி ஒரு செடானின் சிடிக்குச் சமம் என்று விளம்பரத்தில் வந்தாலும் நெடுஞ்சாலையில் எஸ்யூவி அதிகம் குடிப்பது இதனால்தான்.

எனக்கு ரும்ப்ளரைவிட வூனிபால்ட் காம் மேல் மரியாதை அதிகம். துளியின் நீண்ட வால் காற்றுக்கு நல்லது, தெருவில் நிறுத்த முடியாது. 1930களில் ஸ்டுட்கார்ட்டில் இருந்த பொறியாளர் காம், வாலைச் சாய்வாகக் கொண்டுபோய்ச் சரியான இடத்தில் நேராக வெட்டிவிட்டால் பெரும்பாலான பலன் கிடைத்துவிடும் என்று காட்டினார். மனிதர்கள் ஏறி உட்கார, பெட்டி வைக்க, தெருவில் நிறுத்த ஒத்துவரும் ஏரோடைனமிக்ஸ் அது. நாங்கள் இன்றும் செய்வது அவர் வேலையின் தொடர்ச்சிதான். எங்கே காற்றைக் கூடவே அழைத்துப் போவது, எங்கே சுத்தமாக விட்டுவிடுவது என்று முடிவு செய்கிறோம்.

விட்டுவிடுவதுதான் கஷ்டம். பின்விளக்கின் ஓரம் உருண்டையாக இருந்தால் காற்று அதை ஒட்டிக்கொண்டு உள்பக்கமாகத் திரும்பப் பார்க்கும், பாதியில் பிரியும். எந்த இடத்தில் பிரிகிறது என்பதும் நிலையாக இருக்காது. ஓரத்தில் ஒரு கூரான கோடு இருந்தால் காற்று அந்த இடத்தில் தெளிவாக விலகிவிடும். இதற்காக டிசைன் ஸ்டுடியோவில் களிமண் மாடலைச் சுற்றி நின்று மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். அவர்களுக்கு வெளிச்சம் வழுக்கிக்கொண்டு போகும் உருண்ட தோள் வேண்டும். எங்களுக்கு விளிம்பு வேண்டும். இதற்கிடையில் பாதுகாப்புப் பிரிவு ஐ.நா. விதிமுறை 26ஐ எடுத்துக்கொண்டு வரும். வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளுக்குக் குறைந்தது 2.5 மி.மீ. வளைவு இருக்க வேண்டும், நடந்து போகிறவர் மேல் உரசினால் கிழிக்கக் கூடாது. மூன்று தரப்பும் நியாயம். கடைசியில் விளக்கின் கண்ணாடியிலேயே மெல்லிய ஒரு மடிப்பு வரும். அடுத்த முறை ஏதாவது புதுக் காரின் பின்விளக்கை விரலால் தடவிப் பாருங்கள், அந்தக் கோடு தட்டுப்படும். சிடியில் 0.001ஐ நாங்கள் ஒரு கவுன்ட் என்று சொல்வோம். அந்தக் கோட்டால் சில கவுன்ட் குறைந்தால் அன்றைக்கு எங்கள் மேசையில் எல்லார் முகத்திலும் வெளிச்சம்.

வண்டியின் அடிப்பக்கம் இன்னொரு உலகம். ஐரோப்பாவில் ஓடும் காரில் அடியை முழுக்கப் பிளாஸ்டிக் தகடுகளால் மூடி வழவழப்பாக்கிவிடலாம். இங்கே ஸ்பீடு பிரேக்கர் இருக்கிறது, மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் இருக்கிறது. தகடு தட்டிக் கிளிப் உடையும். சர்வீஸில் ஆயில் மாற்றக் கழற்றினால் திரும்பிப் போய்ச் சேராமலும் போகும். பாதி தொங்கும் தகடு, தகடே இல்லாததைவிட மோசம். அதனால் எந்தத் தகடு நிஜமாக வேலை செய்கிறது என்று ஒவ்வொன்றாக எடை போட்டு, பத்திரமாக நிற்கக்கூடிய இடத்தில் மட்டும் வைக்கிறோம். அப்புறம் வெயில். மே மாதம் சிக்னலில் ஏசி ஓட நிற்கும் காருக்கு ரேடியேட்டர் வழியாகக் காற்று தாராளமாக வர வேண்டும். கிரில்லைத் திறந்தால் குளிர்ச்சி, மூடினால் மைலேஜ். வேகத்துக்குத் தகுந்தபடி தானாகத் திறந்து மூடும் ஷட்டர் வைத்தால் இரண்டும் கிடைக்கும், விலை கூடும். குறைந்த விலைக் காரில் நல்ல ஏரோடைனமிக்ஸ் கொண்டுவருவதுதான் பொறியாளரின் திறமையைச் சோதிக்கும் இடம் என்பது என் தீர்மானமான கருத்து.

சக்கரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சக்கரமும் அது சுழலும் குழியும் சேர்ந்து மொத்தத் தடையில் கிட்டத்தட்டக் கால் பங்கு. அகலமான டயர் போட்டால் அது ஏறும். இதைச் சொன்னால் சில பேருக்கு வருத்தம் வருகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தச் சில பேரைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஈசிஆரில் கூடும் கார் இளைஞர்கள். பழைய ஹாட்ச்பேக்கை வாங்கி, சம்பளத்தைச் சேர்த்துவைத்து ஒவ்வொரு பாகமாக மாற்றுகிறவர்கள். என் தொழிலில் இருக்கும் பலர் இவர்களை மதிப்பதில்லை. ஒட்டு ஸ்பாய்லர் (பின்னால் வைக்கும் காற்றுத் தடுப்பு), போலி டிஃப்யூசர் (பின் பம்பரின் அடியில் காற்றை வழிநடத்தும் பகுதி) என்று கைகழுவிவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. காற்றைப் பற்றித் தாமாகவே யோசித்து, தம் கைக்காசைப் போட்டு எதையாவது முயன்று பார்க்கிற வாடிக்கையாளர் எங்களுக்கு வேறு எங்கே கிடைப்பார்? அவர்களுக்கு ஆர்வம் குறைவில்லை. அளந்து பார்க்க வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

வழி மிகவும் மலிவானது. கம்பளி நூல் ஒரு கண்டு, டேப் ஒரு சுருள். நூலை விரல் நீளத்துக்கு வெட்டிக் கூரையிலிருந்து பின் பம்பர் வரை வரிசையாக ஒட்ட வேண்டும். பக்கத்தில் ஓடும் இன்னொரு காரிலிருந்து வீடியோ எடுக்க வேண்டும். இதைப் பொதுச் சாலையில் செய்ய நான் விடமாட்டேன். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க விடும் ட்ராக் டே நடக்கும்போது ஏற்பாட்டாளர்களிடம் அனுமதி வாங்கி, நிதானமான சுற்றுகளில் செய்தோம். காற்று ஒட்டி ஓடும் இடத்தில் நூல் நேராகக் கிடக்கும். பிரிந்த இடத்தில் துடிக்கும், சுழலும், சில இடங்களில் திரும்பி முன்னோக்கியே பார்க்கும்.

ஒரு பையன் தன் செடானின் டிக்கி மேல் தாழ்வாக ஒரு இறக்கை வைத்திருந்தான். பின்கண்ணாடி செங்குத்தான வண்டி அது. வீடியோவில் கூரை நூல்கள் வரி பிசகாமல் கிடந்தன. கண்ணாடியில் தொடங்கி எல்லாம் குழப்பம். இறக்கை அந்தக் குழப்பத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அவன் வீடியோவைப் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, அப்படின்னா இதுக்கு நல்ல காத்தே வர்றதில்லையா?" என்றான். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லத் தேவையே இருக்கவில்லை. இன்னொருவன் பானெட்டில் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் சூடு வெளியேற ஓட்டை போட்டிருந்தான். கண்ணாடியின் அடிவாரம் அழுத்தம் கூடுதலான இடம். காருக்குள் காற்று எடுக்கும் துவாரத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் அங்கே வைப்பது அதனால்தான். அவன் ஓட்டையைச் சுற்றி ஒட்டிய நூல்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. அடுத்த மாதமே முன்பக்கமாக, அழுத்தம் குறைந்த இடத்துக்கு மாற்றிக்கொண்டு வந்தான். எஞ்சின் சூடு குறைந்ததைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் எங்கள் ஆபீஸில் எந்த பிரசன்டேஷனிலும் நான் பார்க்காதது.

அவர்கள் தொடுவது விளையாட்டுச் சமாச்சாரமும் இல்லை. பின்பக்கத்துக் காற்று இழுப்பதோடு நிற்பதில்லை, தூக்கவும் செய்யும். 1998இல் வந்த முதல் ஆடி டிடியின் உருண்ட முதுகை உலகமே அழகு என்று கொண்டாடியது. ஜெர்மன் ஆட்டோபானில் அதிவேகத்தில் சில கார்கள் கட்டுப்பாடு இழந்து விபத்துக்குள்ளாயின, உயிர்களும் போயின. நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து, பின்னால் சிறிய ஸ்பாய்லர் வைத்தது, சஸ்பென்ஷனை மாற்றியது, நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டையும் சேர்த்தது. அதே பிரச்சினைக்குப் போர்ஷே கண்ட பதில் 1972இல் வந்த 911 கரேரா ஆர்எஸ்ஸின் வாத்து வால். பின் அச்சு லேசாவதைத் தடுக்கப் பொறியாளர்கள் மெல்லிய தகடுகளை வைத்து விண்ட் டன்னலில் உயரத்தை மாற்றி மாற்றி அளந்து கண்டுபிடித்த வடிவம் அது. இன்று அது கார் பிரியர்களின் அடையாளச் சின்னமாகிவிட்டது. அதன் அழகு அளவெடுத்ததால் வந்தது என்பதை நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நம் பக்கத்திலும் இந்த மாதிரி கைகள் இருந்தன. கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டினார். பின்னாளில் 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கியது அந்த வகைக் காரில்தான். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில் நிற்கிறது. கல்லூரி மாணவர்கள் தாமே கட்டிய ஃபார்முலா கார்களைக் கொண்டுவந்து போட்டியிடும் இடமாகவும் அது ஆகியிருப்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அப்படி ஒரு கல்லூரி அணி போன மாதம் என்னைத் தேடி வந்தது. இறக்கை வைக்கலாமா என்பதுதான் கேள்வி. அந்தப் போட்டிகளில் வேகம் அதிகம் போகாது, வளைவுகள் அதிகம். அங்கே டயரைத் தரையில் அழுத்தும் விசைக்கு நிஜமான மதிப்பு உண்டு. ஆனால் இறக்கையின் எடை உயரத்தில் ஏறும், சஸ்பென்ஷனையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். கணினியில் வந்த வண்ணப் படங்களை அழகாக அடுக்கிக் காட்டினார்கள். நான் அவர்களிடம் கேட்டது ஒன்றுதான்: அதே வட்டத்தில், அதே ஓட்டுநர், இறக்கை இல்லாமல் எவ்வளவு நேரம், இறக்கையோடு எவ்வளவு நேரம்? அது அவர்களிடம் இல்லை. எனவே இப்போது சோதனைக்குத் திட்டம் போட்டிருக்கிறோம். முதலில் இறக்கை இல்லாமல், அப்புறம் இறக்கையோடு, அப்புறம் மறுபடி இல்லாமல், எல்லாம் ஒரே காலையில். டயர் அழுத்தத்தை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் சரிபார்க்க வேண்டும். வெயில் ஏறினால் டயரின் பிடிப்பு மாறும் என்பதால் ஒன்பது மணிக்குள் முடித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.